பதினொன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு

ஜூன் 8, சனி

மதுரையிலிருந்து பார்சல் லாரியில் புத்தகங்கள் வந்துவிட்டன. பெட்டிகளை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முன்னறையில் இறக்கினோம். பிரித்ததும் பசையும் மையும் கலந்த வாசம் வந்தது. அம்மாவின் முதல் நாவல். பெயர் 'ஆவுடைத்தங்கம்'. எழுதியவர் சண்முகவடிவு. அட்டையில் நான்.

சரியாகச் சொன்னால் அது நானில்லை, சித்தி. அம்மாவின் தங்கை ஆவுடைத்தங்கம், பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. அவளுடைய படம் எங்கும் கிடைக்கவில்லை. மாமா வீட்டு ஆல்பத்தில் அவள் இருந்த இடங்களில் பசைத் தடம்தான் இருக்கிறது. அதனால் அம்மா எனக்குப் பழைய தாவணி ஒன்றைக் கட்டி, இரட்டைச் சடை பின்னி, ஜன்னலோரம் நிற்க வைத்துப் படம் எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினாள். "கொஞ்சம் குனி. அவ நேராப் பாக்கமாட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அட்டையைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. மத்தியானம் துணி மடிக்க மறந்துவிட்டேன். அப்பா மின்வாரியத்திலிருந்து வந்ததும் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டி, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி கேட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் முதல் கூட்டம். வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். புத்தகங்களை மேசையில் அடுக்குவதும், பதினொன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை வாசிப்பதும் என் வேலை. அட்டையில் உள்ளபடியே தாவணியும் இரட்டைச் சடையும் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் அண்ணன் சங்கரலிங்கம், தேரடியில் பெரிய பாத்திரக் கடை வைத்திருப்பவர். கூட்டங்களுக்கு இடம் பிடிப்பது, பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்வது எல்லாவற்றையும் அவரே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தங்கச்சி பெயர் பேப்பரில் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. நாவலை இன்னும் படிக்கவில்லை. கையில் கொடுத்ததும் அட்டையைப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிரமு அத்தை, மாமாவின் மனைவி, வாசலில் கல்கண்டுத் தட்டோடு நின்றாள். உள்ளே வந்து உட்காரவேயில்லை.

வாசித்தேன். செவ்வாய்க்கிழமை. தங்கம் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வெளியே வருகிறாள். மழை. சினிமாக் கொட்டகை வாசலில் ஒதுங்கி நிற்கிறாள். யாரோ ஒருவர் அவளுக்குக் குடை நீட்டுகிறார். அதோடு அத்தியாயம் முடிகிறது. பன்னிரண்டாம் அத்தியாயம் அவளுடைய பதினாறாம் நாள் விசேஷத்தில் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, நடுவில் ஓர் அத்தியாயம் இருந்திருக்க வேண்டுமே, அந்தப் பெண் எப்படி இறந்தாள் என்று கேட்டார். நானும் படித்த அன்றே அதைத்தான் நினைத்தேன்.

"அந்த அத்தியாயம் எனக்குத் தெரியாது சார்" என்றாள் அம்மா.

அதை ஓர் எழுத்தாளரின் பதிலாக எடுத்துக்கொண்டு எல்லாரும் கைதட்டினார்கள். மாமா தட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னாள். அப்போது அவள் கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தாளாம். தகவல் தெரிந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து வாசல் கழுவியிருந்ததாம். வீட்டில் அண்ணனும், அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்திருந்த பிரமு மதினியும் இருந்தார்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கப்புறம் பிறந்த வீடு என்று ஒன்று இருந்திருக்காது என்றாள்.

"தெரிஞ்சவங்க யாராவது ஒரு கூட்டத்துக்கு வருவாங்க மதி. வந்து சொல்லுவாங்க. அதுக்குத்தான் இந்த அலைச்சல்."

புத்தகம் விற்பதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. ஆறாம் பக்கம், தண்ணீர் வராத செய்திக்குக் கீழே. 'நாவல் அறிமுக விழா' என்று தலைப்பு. 'வயிற்று வலியால் இறந்த தனது தங்கையின் நினைவாக இந்நாவலை எழுதியுள்ளதாக நூலாசிரியர் தெரிவித்தார்.'

அம்மா அப்படி எதுவும் தெரிவிக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். அம்மா மாமாவுக்குப் போன் செய்து கேட்டபோது, நிருபருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தது தான்தான் என்றாராம். அந்த வாத்தியாரைப் போல இன்னும் நாலு பேர் கேட்பார்கள், அதற்குத்தான் முதலிலேயே போட்டுவிட்டேன் என்றாராம்.

அம்மா செய்தியை வெட்டி ஒட்டவில்லை. அந்தத் தாளில் வெங்காயம் உரித்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

கோவில்பட்டியில் ஒரு மாதர் மன்றக் கூட்டம். பஸ்ஸில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனதில் கால் மரத்துவிட்டது. மேடைக்குப் போகும் முன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "தங்கம், அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் கவனிக்கவில்லை.

வாசித்து முடித்ததும் ஓர் அம்மா மேசைக்கு வந்தார். செண்பகம் என்று பெயர், தபால் அலுவலகத்தில் வேலை. அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டைப்ரைட்டிங் வகுப்பில் தங்கத்துக்குப் பக்கத்து மெஷின் தான்தான் என்றார்.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மழைக்குப் பிறகு தங்கம் வகுப்புக்கு வரவில்லையாம். பரீட்சைப் பணம் கட்டவேண்டுமே என்று செண்பகம் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்களாம். தெருவில் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தால் மாடி ஜன்னல் அடைத்திருந்தது.

"உள்ள இருந்து பலகையில விரலால தட்டுத சத்தம் கேட்டுச்சுக்கா" என்றார். "சும்மா தட்டுனது இல்ல. வகுப்புல முதல் பாடம் அடிப்போம்லா, இடது கைக்கு ஒரு வரிசை, வலது கைக்கு ஒரு வரிசை. அந்தத் தாளம். நான் கீழ நிக்கது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க என்று அம்மா கேட்கவில்லை. ஒரு பிரதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடவே விடவில்லை. சாரல் அடித்து என் தாவணி நனைந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

வேதியியல் வகுப்பில் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று மிஸ் எழுப்பி நிறுத்தினார். நான் தட்டியதே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் ரெஜினா, காலையிலிருந்தே தட்டுகிறாய் என்றாள்.

ஜூலை 1, திங்கள்

இன்று எனக்கு வயிறு வலித்தது. ஒவ்வொரு மாதமும் வலிப்பதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலேயே பெரிய மகாலில் விழா என்று மாமா ஏற்பாடு செய்திருக்கிறார். மேடைக்கு அவரே தலைமை. அதற்கு ஃபிளெக்ஸ் போர்டு வைக்கச் சொல்லி, கடைப் பையன்களில் யாரோ நாவலின் அட்டைப் படத்தையும் பேப்பர் செய்தியையும் விழா நடக்கும் தேதி, இடத்தையும் ஃபிளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

காலையில் ரெஜினாதான் முதலில் கூப்பிட்டாள். நான் ஹலோ என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நீ நிஜமாவே நிறைமதிதானா என்று கேட்டாள்.

பள்ளிக்கூட பஸ் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது பார்த்தேன். இரண்டு ஆள் உயரப் போர்டு. மேலே சிவப்பில் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு மூலையிலும் கண்ணீர் வடிக்கும் கண்கள். நடுவில் என் முகம், சுற்றிலும் மல்லிகை மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே 'ஆவுடைத்தங்கம்'. அதன் கீழே 'மறைவு: 7.7.2024, ஞாயிறு மாலை 5 மணி' என்று போட்டு, மகாலின் பெயரும் இருந்தது. அடியில் மாமா கடையின் பெயர். எழுதியவர் சண்முகவடிவு என்பதை மட்டும் காணோம்.

பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. சிரித்தார்கள் சிலர். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, முதலில்.

மாமா ஃபிளெக்ஸ் கடைக்காரரைப் பிடித்து ஏசியிருக்கிறார். அவர் சொன்ன பதிலை அப்பா வந்து சொன்னார்: "பொம்பளப்பிள்ளை படத்தைத் தனியாப் போட்டு போர்டு வைக்கது ரெண்டுக்குத்தான் அண்ணாச்சி. வயசுக்கு வந்த சடங்கு, இல்லாட்டி இது. பேப்பர்ல இறந்துட்டதாப் போட்டிருந்துச்சு. அதான் சடங்கு இல்லன்னு தெரிஞ்சுகிட்டேன்."

சாயங்காலம் தையல் கடையில் ரவிக்கை வாங்கிவிட்டு போர்டுக்குப் பக்கமாக வந்தேன். காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு பிள்ளையாம்?"

"பாத்திரக் கடைக்காரர் சொந்தமாம். படிக்குத பிள்ளை போல."

"என்னத்துலயாம்?"

"வயித்து வலியாம்."

"ம்" என்றாள் முதல் பெண். அந்த 'ம்' இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

போர்டில் வயிற்று வலி என்று எங்கும் எழுதவில்லை. ஆறாம் பக்கத்துச் செய்தியை இவர்கள் படித்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. பின்னால் நின்றபடியே, வயித்து வலின்னு உங்களுக்கு யாரு சொன்னா என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும். இந்த வயசுப் பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்..." என்று திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். பை கீழே விழுந்து தக்காளி உருண்டது. நான் பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தேன். அவர்கள் தக்காளியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டில் இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமாவின் ஆட்கள் ஏணியோடு வந்திருந்தார்கள். கழற்ற வேண்டாம் என்று அம்மா சொன்னாள்.

"அவ போனப்போ ஊருக்குச் சொல்லல. ஒரு நோட்டீஸ்கூட ஒட்டல. முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

அதில் இருப்பது என் முகம் என்று சொல்ல நினைத்தேன். அம்மா அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் விரல்கள் என் விரல்களை மூடின.

ஜூலை 5, வெள்ளி

இனிமேல் தாவணி கட்டமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. என் சடையைப் பிரித்து, ஒற்றையாகப் பின்னிவிட்டாள். பின்னி முடித்ததும் "மதி" என்றாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன் என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

மகால் நிறைந்துவிட்டது. மாமாவின் வியாபார நண்பர்கள், எங்கள் பள்ளி ஆசிரியைகள், பேப்பர் நிருபர், போர்டைப் பார்த்து என்னவென்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். பெண்கள்தான் அதிகம். பிரமு அத்தை வாசலில் சந்தனம் கொடுத்தாள். சுடிதாரில், ஒற்றைச் சடையில் என்னைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டாள். நெற்றியில் சந்தனம் வைத்த விரலை உடனே எடுக்கவில்லை.

என் முறை வந்ததும் மைக்கில், என் பெயர் நிறைமதி, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மழை வரும் பக்கங்களை வாசித்தேன். குடை நீட்டப்படும் இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்து அம்மாவின் ஏற்புரை. நேற்று முழுவதும் எழுதித் திருத்திய தாள்களை மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். சபையோரைப் பார்க்காமல் மேடையின் நடுவில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த மாமா பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நான் வந்து சேந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நான் கேக்கல. இப்ப கேக்கேன். தங்கத்துக்கு என்ன ஆச்சு?"

மாமா பொன்னாடையை மடித்து மடியில் வைத்தார். அம்மா மைக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

"வயித்து வலிதானம்மா" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. மனப்பாடமாக இருப்பதைச் சொல்வது போல. "எத்தனை தடவை சொல்ல."

நிகழ்ச்சித் தொகுப்பாளர் நன்றியுரைக்கு எழுந்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். சத்துணவுக் கூடத்தில் வேலை செய்பவர், முகம் தெரியும், பெயர் தெரியாது. யாரும் பேசச் சொல்லவில்லை.

"எங்க அக்காவுக்கும் வயித்து வலின்னுதான் சொன்னாவ" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இன்னொருவர், நடுவரிசையில், எழுந்திருக்காமலே: "எங்க சித்திக்கு."

பிறகு சுவரோரம் ஒரு குரல். யார் என்று பார்ப்பதற்குள் வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று. யாரும் கதை சொல்லவில்லை. உறவை மட்டும் சொன்னார்கள். எங்க மதினி. எங்க பெரியம்மா மக. என்கூடப் படிச்சவ. நிருபர் முதலில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இந்த ஊரின் சாவுச் செய்திகளை அனுப்புகிறவர் அவர்தான்.

தொகுப்பாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாட்டுப்பண் போடச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் ஆண்கள் காபிப் பக்கம் போனார்கள். மாமா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார். அத்தையை அழைத்துப் போகக்கூட மறந்துவிட்டார்.

பெண்கள் புத்தக மேசைக்கு வந்தார்கள். இவ்வளவு பேர் இதுவரை வந்ததில்லை. அம்மா கையெழுத்துப் போடத் தொடங்கினாள். கூட்டம் நெருக்கியதால் நான் ஒவ்வொருவரிடமும் யார் பெயருக்குப் போடவேண்டும் என்று கேட்டு அம்மாவிடம் சொன்னேன்.

சத்துணவுக் கூடத்து அம்மா முதலில் நின்றார். உங்க பேரு என்னம்மா என்று கேட்டேன்.

"எம் பேரு எதுக்கு. பேச்சித்தாய்னு போடச் சொல்லு. எங்க அக்கா."

அம்மா 'பேச்சித்தாய்க்கு, அன்புடன்' என்று எழுதினாள். பேனா ஓர் இடத்தில் நின்று, பிறகு எழுதியது. அடுத்தவர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவரும் தன் பெயரைச் சொல்லவில்லை. உச்சிமாகாளி. அன்னமரியாள். சுடலைவடிவு. ராஜகனி. நான் சத்தமாகச் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். சத்தமாகச் சொல்லும்போது அந்தப் பெயர்க்காரர்கள் வரிசையில் நிற்பது போலவே இருந்தது. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கைகளை மட்டும் பார்த்துக் கேட்டேன்.

புத்தகம் தீர்ந்த பிறகும் சிலர் நின்றார்கள்.

ஜூலை 8, திங்கள்

பேப்பரில் விழாப் படம் வந்திருக்கிறது. மாமா, அம்மா, நான். 'திரளான பெண்கள் பங்கேற்றனர்' என்று மட்டும் நிருபர் போட்டிருக்கிறார். எதனால் இறந்தாள் என்ற வரி இந்தத் தடவை இல்லை.

போர்டைக் கழற்றிவிட்டார்கள். கம்புகள் மட்டும் நிற்கின்றன.

ஜூலை 9, செவ்வாய்

நாவலின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் போன் எண் இருக்கிறது. நேற்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா வேலையாக இருந்தால் நான் எடுக்கிறேன். புத்தகம் எழுதினவங்களா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பெயர். சிலர் எந்த ஊர் என்றும் சொல்கிறார்கள். சிலர் அழைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். அப்போது நானும் வைக்காமல் இருக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. எடுத்தேன். யார் பெயரும் வரவில்லை. பின்னணியில் பாத்திரங்கள் அடுக்கும் சத்தம், பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"அம்மாட்ட குடு" என்றது பிரமு அத்தையின் குரல். "மாமா கடைக்குப் போயாச்சு."

அம்மா மாவுக் கையைத் துடைக்காமலே வாங்கினாள். ம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ம். நான் போய்விடட்டுமா என்று சாடையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அத்தை பேசிக்கொண்டே இருந்தாள். வார்த்தை ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் அத்தை இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

அம்மா சுவரோடு சாய்ந்தாள்.

"கதவை வெளிய பூட்டினது யாரு மதினி?" என்றாள். பதிலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை நாளு?"

அந்தப் பக்கத்தில் அத்தை உடனே ஓர் எண்ணைச் சொல்லவில்லை போல. ஒவ்வொரு நாளாக நினைவுபடுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா விரல் மடக்க ஆரம்பித்தாள். மாவு காய்ந்த விரல்கள். ஒன்று மடக்குவாள், கேட்பாள், நிற்பாள், அடுத்ததை மடக்குவாள். ஒரு கை முடிந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மறு கையைத் தொடங்கினாள்.